மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது

அந்தப் பூவை எங்கே வாங்கினீர்கள், தங்கச்சி? நிலக்கோட்டையிலா? நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். பார்க்க மல்லிகை மாதிரிதான் இருக்கிறது, மொட்டும் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசம் கொஞ்சமும் இல்லை. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றுமே வரவில்லையே. தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருந்த பழைய பூவாக இருக்கும். தப்பாக நினைக்காதீர்கள். மூக்கு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. என்னுடையது டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, ஆபரேஷன் செய்த மூக்கு.

நீங்களும் திருப்பூர்தானா? நல்லதாயிற்று. நான் வத்தலக்குண்டு. திண்டுக்கல்லில் மாறி ஏறினேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். திலீபன் என்று பெயர். மருமகள் அபிநயா. அவளுக்கு இப்போது அஞ்சாம் மாசம். அவளைப் பார்க்கத்தான் போகிறேன்.

மடியில் இருக்கிறதா? தூக்குவாளி. அயிரை மீன் குழம்பு. அவள்தான் கேட்டாள். என்னிடம் அவள் வாய் திறந்து சாப்பிட ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. முந்தாநாள் போன் செய்து, "அத்தை, உங்க கையால அயிர மீன் குழம்பு சாப்பிடணும் போல இருக்கு" என்று சொன்னாள். நாங்கள் பேசிக்கொள்வதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு அம்மா இல்லை. சித்தி வளர்த்த பிள்ளை. பிரசவத்துக்கு யாரிடம் போவாள்? இந்தக் குழம்பு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, அவளும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டால், "அத்தை, இங்கேயே இருங்க" என்று சொல்வாள். சொல்லாவிட்டால் சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். மாற்றுச் சேலை நாலு எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் பையை அவள் கண்ணில் படுகிற மாதிரி வைக்க மாட்டேன்.

முன் சீட்டுப் பெரியவர் எழுந்து பின்னால் போய்விட்டார், பார்த்தீர்களா? வெயில் படுகிறது போல. கண்டக்டர் வந்து, "யாரும்மா அது கருவாடு வச்சிருக்கது?" என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. நம்மிடம் கருவாடு இல்லை, பிறகு எதற்குப் பேச வேண்டும்?

எதில் விட்டேன்? மூக்கு. ஆமாம்.

முதலில் காப்பிப் பொடியில்தான் ஆரம்பித்தது. திடீரென்று பொடியில் வாசம் இல்லாமல் போயிற்று. கடையை மாற்றினேன். அதிலும் இல்லை. அரைக்கும்போதே நின்று பார்த்து வாங்கி வந்தேன், அதிலும் இல்லை. எல்லோரும் சேர்ந்து புளியங்கொட்டையை வறுத்துப் போட்டு விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் ஊதுபத்தி. பெட்டி மேல் சந்தனம் என்று போட்டிருக்கும், கொளுத்தினால் வெறும் புகை. அப்புறம் பாண்டியம்மாள். எங்கள் தெருவில் கூடையில் பூ விற்கிறவள். "என்னடி, காகிதத்துல செஞ்சு கொண்டாந்தியா?" என்று கேட்டுவிட்டேன். "அக்கா, தெருவே மணக்குதுக்கா, உங்களுக்கு மட்டும் மணக்கலையா?" என்றாள். என்ன வாய் பாருங்கள்.

சளி மட்டும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மூக்கு எந்நேரமும் அடைத்தே இருக்கும். காலையில் எழுந்தால் ஒரே தும்மல். படுத்தால் வாயால்தான் மூச்சு. நான் குறட்டை விடுகிறேன் என்று இவர் சொல்வார். நான் தூங்கும்போது நடக்கிற விஷயத்தை நான் எப்படி நம்புவது?

இந்த நேரத்தில்தான் அபி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சமையலில் வாசனை கிடையாது. ரசம் வைப்பாள், சுடுதண்ணீர் மாதிரி இருக்கும்.

"பெருங்காயம் போட்டியா?"

"போட்டேன் அத்தை."

"எனக்குத் தெரியலையே."

மறுநாள் இன்னும் கொஞ்சம் போடுவாள். அப்போதும் தெரியாது. இன்னும் போடு என்பேன். கடைசியில் ஒருநாள் நானே டப்பாவைத் தட்டினேன். இவர் ஒரு வாய் எடுத்து வைத்தார், இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "திலீபா, மோர் இருந்தா ஊத்து" என்றார். நல்ல சாப்பாட்டை அனுபவிக்கத் தெரியாத மனுஷர்.

நீங்கள் ஏன் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்? தலை சுற்றுகிறதா? மலைப் பாதை கூட இல்லையே இது. இந்தாருங்கள், எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். மோந்து பாருங்கள், சரியாகிவிடும். கொடுங்கள், நான் ஒரு தடவை பார்க்கிறேன். ப்ச். இதுவும் காய்ந்த பழம். வாசமே இல்லை. பரவாயில்லை, கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அபிக்கும் பிரச்சினை எதனால் வந்தது தெரியுமா? கேஸால் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் காப்பி போடலாம் என்று அடுப்படிக்குப் போய் லைட்டரைக் கையில் எடுத்தேன். பின்னாலேயே ஓடி வந்தாள் அபி. "அத்தை, பத்த வைக்காதீங்க, கேஸ் வாடை வருது!" எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. "எனக்கு வரலையே" என்றேன். "நிசமா வருது அத்தை." நான் லைட்டரை அடுப்புப் பக்கம் கொண்டுபோனேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். மாமியார் கையிலிருந்து! பிடுங்கி வெளியே வீசிவிட்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தலையைக்கூட முடிந்திருக்கவில்லை நான். எதிர்வீட்டு மயிலக்கா, பாண்டியம்மாள், எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

கேஸ்காரன் வந்து பார்த்தான். டியூபில் விரிசல் என்றான். புது டியூப் விற்க வேண்டியவன் வேறு என்ன சொல்வான்?

மயிலக்காவும் வாடை வந்தது என்றாள்தான். அவளுக்கு அபி மேல் எப்போதும் ஒரு பாசம்.

நான் சும்மா விடவில்லை. காலையில் எழுந்தால் அதே பேச்சு, சாப்பிடும்போது அதே பேச்சு. இல்லாத வாடையை இருக்கிறது என்று சொல்லி என்னைத் தெருவில் நிறுத்தினாள், பொய்க்காரி என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேச மாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திலீபன் திருப்பூரில் வேலை தேடிக்கொண்டான். மூட்டை கட்டி ஆட்டோவில் ஏறும்போது அபி என்னிடம் வந்து நின்றாள்.

"அத்தை, நான் பொய் சொல்லலைன்னு மட்டும் ஒரு தடவை சொல்லுங்க. போதும்."

வராத வாடையை வந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அப்புறம் இவர்தான் என்னைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனார். வாசனைக்காக இல்லை, குறட்டைக்காக. தூக்கம் கெட்டுக் கெட்டுத் தன் கண் உள்ளே போய்விட்டது என்றார். காது மூக்கு தொண்டை டாக்டர், சின்ன வயசுப் பெண். மெல்லிசாக ஒரு குழாயை மூக்குக்குள் விட்டு, டிவியில் காட்டினாள். உள்ளே பளபளவென்று, உரித்த திராட்சை மாதிரி, கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது.

"இதாம்மா உங்க மூக்கு. ரெண்டு பக்கமும் சதை வளர்ந்து அடைச்சிருக்கு."

"புத்துநோயா?" என்றேன்.

"இல்லம்மா, பயப்படாதீங்க. மூக்கோட உள்தோல் இருக்கில்ல, அது அலர்ஜியில வருஷக்கணக்கா வீங்கியே இருந்தா, அப்படியே நீர் கோத்துத் தொங்க ஆரம்பிச்சிடும். தொட்டாக்கூட வலிக்காது. எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்பிப் பார்த்துடுவோம். வாசம் பிடிக்கிற நரம்பு மூக்கோட உச்சியில இருக்கு. இது வழிய அடைச்சுக்கிட்டா காத்து அங்க போகாது. உங்களுக்கு வாசம் தெரியாம ரொம்ப நாளாயிருக்குமே?"

"எனக்கு வாசம் நல்லாத் தெரியும். பொருள்லதான் இல்ல" என்றேன்.

டாக்டர் இவரைப் பார்த்தாள். இவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "எங்க தெருவுல பூக்காரி வர்றதே இல்ல டாக்டர்" என்றார்.

முதலில் கொஞ்ச நாள் மாத்திரை, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே. கொஞ்சம் சுருங்கியது, முழுக்கப் போகவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் என்றாள். மூக்குத் துவாரம் வழியாகவே உள்ளே போய் எடுத்துவிடுவார்களாம், வெளியே ஒரு கீறல் கிடையாது. நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஆனால் நர்ஸ் வந்து மூக்குத்தியைக் கழற்றச் சொன்னபோது முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று போட்டது. புருஷன் இருக்கும்போது மூக்கை மூளியாக வைக்கலாமா? நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் இவர் வந்தார்.

"கழட்டு. நான் நல்லாத்தான இருக்கேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நீ திரும்பப் போட வேண்டியதே இல்ல. ஒரு வேலை மிச்சம்."

இப்படிப் பேசுகிற மனுஷரோடுதான் குடும்பம் நடத்துகிறேன். கழற்றினேன். ஓட்டை மூடிவிடக் கூடாதே என்று ஒரு துடைப்பக் குச்சியைச் சொருகிக்கொண்டு போனேன். அதையும் நர்ஸ் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. சில நாள் உள்ளே காய்ந்து காய்ந்து வந்தது, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார்கள். அப்புறம் ஒருநாள் காலையில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இவர் பக்கத்தில் வந்து பேப்பரை எடுத்தார். பீடி நாற்றம்! சட்டையிலிருந்து, கையிலிருந்து, மீசையிலிருந்து! திலீபன் ஸ்கூல் போகிற காலத்திலேயே பீடியை விட்டுவிட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தவர். எனக்குத் தெரியாமல் ஊதிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு நடந்ததை நான் சொல்ல வேண்டாம், மயிலக்காவுக்கே கேட்டிருக்கும். இவர் ஒன்றுதான் சொன்னார். "அந்த டாக்டர் இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு நான் எதிர்பார்க்கல" என்றார்.

காப்பிப் பொடிக்காரனும் திருந்திவிட்டான். பாண்டியம்மாளும் திரும்ப வந்து நல்ல பூ கொடுக்க ஆரம்பித்தாள். நான் திட்டின திட்டு அப்படி. சொன்னால்தான் கேட்கிறார்கள்.

பார்க்க வந்த திலீபன், "இப்பவாவது தெரியுதாம்மா?" என்று கேட்டான். "என்ன தெரியணும்?" என்றேன். அவன் ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது திரும்பத் திரும்பச் சொன்னாள். "அம்மா, சதையை எடுத்தாச்சு, அலர்ஜியை எடுக்க முடியாது. விட்டா திரும்ப வளரும். ஸ்ப்ரேயை தினமும் அடிக்கணும், தலையக் குனிஞ்சு, நுனியக் காது பக்கமா வச்சு. உப்புத் தண்ணி கழுவுறதையும் விடக் கூடாது, கொதிக்க வச்சு ஆறின தண்ணி."

"எத்தனை நாளைக்கு?"

"பல்லு எத்தனை நாளைக்கு விளக்குவீங்க?"

படித்த பிள்ளை, சொல்லத்தான் செய்யும். ஆனால் நன்றாக ஆன மூக்குக்கு எதற்கு மருந்து? நீங்களே சொல்லுங்கள். மயிலக்காவும் அது ஸ்டீராய்டு, எலும்பைக் கரைக்கும் என்றாள். டாக்டரிடம் போனில் கேட்டேன். மூக்குக்குள்ளேதான் வேலை செய்யும், உடம்பில் சேர்வது ரொம்பக் குறைவு என்றாள். மருந்து எழுதிக் கொடுத்தவள் அப்படித்தானே சொல்வாள்? நிறுத்திவிட்டேன். முதலில் இவர் தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். அப்புறம் என்னவோ, அவரும் விட்டுவிட்டார்.

ஒரு நல்லது நடந்தது. இவர் பீடியையும் விட்டுவிட்டார். இப்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஒரு நாற்றமும் கிடையாது. முகத்தில்கூட ஒரு நிம்மதி தெரிகிறது. பாண்டியம்மாள்தான் திரும்பவும் பழைய புத்தியைக் காட்டுகிறாள்.

நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்து இந்தக் குழம்பை வைத்தேன். அயிரை உயிரோடு வாங்கி, பாலில் நீந்த விட்டு, மண்ணைக் கக்க வைத்து, கல் உப்புப் போட்டு அலசி, தேங்காய் அரைத்து விட்டு வைத்தேன். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டுமே என்று, சூடு தணியாமலே இதில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டேன். ஒரு சொட்டு சிந்தாது. காலையில் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒரு கெட்ட வாடையும் இல்லை. நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. புதுப் புளி.

இருங்கள், உங்களுக்கும் காட்டுகிறேன். அயிரை எப்படி உடையாமல் கிடக்கிறது பாருங்கள்.

என்ன? ஏன் முகத்தைத் திருப்புகிறீர்கள்? மூட வேண்டுமா? ஏன்?

கெட்டுப் போய்விட்டதா? இல்லை, தங்கச்சி, உங்களுக்கு மீன் பழக்கம் இல்லை போல. பழக்கமா? நீங்களும் மீன் சாப்பிடுகிறவரா? நுரை கட்டியிருக்கிறதா? அது பஸ் குலுங்கியதில். பின் சீட்டில் அந்தப் பாப்பா என்ன சொல்கிறது? "அம்மா, நாறுது" என்கிறதா? குழந்தைகள் அப்படித்தான்.

அந்தப் பூவைக் கொஞ்சம் கொடுங்கள். தலையிலிருந்து எடுக்க வேண்டாம், குனியுங்கள், போதும்.

காலையில் வாங்கினதா? உங்கள் கண் முன்னாலேயே கட்டிக் கொடுத்தார்களா? வாசம் வருகிறதா உங்களுக்கு? இப்போதுமா? இந்தக் குழம்பு வாடையைத் தாண்டியுமா?

அப்படியானால் இவர் பீடியை விடவில்லை.

விடவே இல்லை, தங்கச்சி. மருந்தை ஏன் ஞாபகப்படுத்துவதை நிறுத்தினார் என்று பாருங்கள். என்ன நெஞ்சழுத்தம்! இருக்கட்டும். ஊருக்குத் திரும்பிப் போய் வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்த டாக்டரிடம் போக வேண்டும். அவள் வேறு பல்லைப் பற்றிப் பேசுவாள்.

இல்லை, கேஸ் விஷயம் வேறு. நீங்கள் ஏன் இப்போது அதைக் கேட்கிறீர்கள்? அது அப்போது நடந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

இது தாராபுரமா? டீ குடிக்க நிற்கிறானா? கொஞ்சம் வழி விடுங்கள். பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எடுத்துக்கொண்டு போய் வருகிறேன்.

கொட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு சாக்கடை. குழாயடியில் வாளியை அலம்பினேன், மூன்று தடவை. போதுமா என்று தெரியவில்லை. மோந்து பாருங்கள். வாடை போய்விட்டதா? நல்லது. இவ்வளவு அயிரை. ஒரு படி இருக்கும். மாசமாக இருக்கிற பிள்ளை, நான் கொண்டு வந்தேன் என்பதற்காகவே வாயில் போட்டிருப்பாள். கெட்டுப் போயிருக்கிறது என்றாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். எப்படிச் சொல்வாள்?

அவள் நம்பர் இதில் எங்கே இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள். "அபி" என்று இருக்கும்.

அலோ, அபி. நான்தாம்மா. தாராபுரம் வந்துட்டேன். குழம்பு கொட்டிப்போச்சு. ஆமா. இந்த டிரைவர் போட்ட பிரேக்குல. முழுசும். நீ ஒண்ணும் வருத்தப்படாத. அங்க மீன் கிடைக்குமில்ல? அயிரை இல்லாட்டி வேற எதுவானாலும் சரி. திலீபனை வாங்கி வைக்கச் சொல்லு. வந்து நான் வைக்கிறேன். ஆனா நீ அடுப்படியில ஒரு சேர் போட்டுப் பக்கத்துல உக்காந்துக்கணும். நின்னு வேலை ஒண்ணும் செய்ய வேணாம். மீன் நல்லா இருக்கா, மசாலா பச்ச வாடை போச்சான்னு நீ பார்த்துச் சொல்லு. ஏன்னா... சளி பிடிச்சிருக்கு எனக்கு. ஆமா, திரும்பவும்தான்.

அப்புறம் இன்னொண்ணு, அபி.

கேஸ் வாடை வந்தா ஒரு சத்தம் குடு. நீ சொன்னா நான் உடனே வெளிய வந்துடறேன். கைய எல்லாம் பிடிச்சு இழுக்க வேணாம். நீ சொன்னாப் போதும்.

அபி? அலோ? இருக்கியா?

சரிம்மா. சரி. வச்சிடறேன்.

முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. அவளுக்கும் சளியோ என்னவோ. அப்புறம், "மாத்துச் சேலை எடுத்துட்டு வந்தீங்களா அத்தை?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, "பஸ்ஸுல காத்து வர்ற பக்கமா, ஜன்னலோரம் உக்காந்து வாங்க" என்றாள்.

இல்லை இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நீங்களே ஜன்னலோரம் உட்காருங்கள், தங்கச்சி. இவ்வளவு தூரம் அந்த வாடையில் வந்தவர் நீங்கள்தான். எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.